மொழிபெயர்ப்புக்கு ஒத்த வரிதானா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல எபிரேய (ஹீப்ரு) மொழிக் கவிஞர் லேயா கோல்ட்பெர்க் பத்தி வந்த கட்டுரையை ஒரே மூச்சுல படிச்சேன். முதல் உலகப்போர் முடிஞ்சு ரஷ்யாவுலருந்து லிதுவேனியாவுக்குக் குடும்பத்தோட திரும்புறப்ப எல்லையில அப்பாவைப் புடிச்சு வச்சிக்கிட்டு, இப்ப சுடுறோம் இப்ப சுடுறோம்னு மிரட்டியே அவர் புத்தியைக் கலங்கடிச்சாங்களே, அதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

ஆனா ஒரு குறை சொல்லியே ஆகணும் சார். கைகூடாத காதல், கல்யாணமே பண்ணிக்காம அம்மாகூடவே இருந்ததுன்னு பத்தி பத்தியா எழுதிட்டு, மொழிபெயர்ப்பும் செஞ்சாங்கன்னு ஒத்த வரியில முடிச்சிட்டீங்களே, இது நியாயமா? டால்ஸ்டாயோட 'போரும் வாழ்வும்' நாவலை எபிரேயத்துக்குக் கொண்டுவந்தவங்க அவங்க, அதுபோக இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கோட சானெட்னு சொல்ற பதினாலு வரிக் கவிதைகள், செகாவ் கதைகள், இப்சனோட 'பியர் கின்ட்' நாடகம் வேற.

அந்த மொழி அப்ப இருந்த நிலைமையையும் பாருங்க. எத்தனையோ நூற்றாண்டா வேதம், பிரார்த்தனை, படிப்புன்னு இருந்துட்டு அப்பத்தான் மறுபடி வீட்டுலயும் கடைத்தெருவுலயும் பேச ஆரம்பிச்ச மொழி, அதுல ரஷ்யப் பிரபு வீட்டு விருந்தையும் பட்டாளத்துக்காரன் வாய்ப்பேச்சையும் எழுதணும்னா சும்மாவா? இத்தனைக்கும் அவங்க வீட்டுல பேசினது ரஷ்யன், எபிரேயம் பள்ளிக்கூடத்துல படிச்சது. 1933ல ஜெர்மனியில பான் யுனிவர்சிட்டில டாக்டரேட், 1935ல டெல் அவிவ், அதே வருஷம் முதல் கவிதைப் புத்தகம். பின்னாடி ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துல ஒப்பிலக்கியத் துறையை ஆரம்பிச்சதே அவங்கதான், அதுக்கும் கட்டுரையில இடம் இல்ல.

இன்னொண்ணு, இஸ்ரேல் பரிசு வாங்கினாங்கன்னு போட்டிருக்கீங்க. அவங்க 1970 ஜனவரியில கேன்சர்ல போயிட்டாங்க, வயசு 58தான். பரிசு அதுக்கப்புறம் குடுத்தது, போய் வாங்கினது அவங்க அம்மா.

இஸ்ரேலோட 100 ஷெகல் பண நோட்டுல அவங்க படம் இருக்கறதை மட்டும் மறக்காம போட்டுட்டீங்க, நம்ம ஆளுங்களுக்கு காசுன்னா கண்ணு தானா போகும்போல! மத்த நோட்டையும் பாருங்க, அதுலயும் மொழிபெயர்ப்பாளருங்க இருக்காங்க. 50 ஷெகல் நோட்டுல இருக்கற செர்னிகோவ்ஸ்கி தொழில்ல டாக்டர், எபிரேயக் கவிஞர், ஹோமரோட 'இலியட்'டை மொழிபெயர்த்தவர். 200ல இருக்கற கவிஞர் ஆல்டர்மன் ஷேக்ஸ்பியர், மோலியர் நாடகங்களை மொழிபெயர்த்தவர். அடுத்து செர்னிகோவ்ஸ்கி பத்தி ஒரு கட்டுரை போடுங்க, மொழிபெயர்ப்புக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கிட்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்