தொண்டியில் கடை போட்டிருக்கும் முனியசாமிக்கு

பாம்பன்

அன்புள்ள முனியசாமி,

கருவாட்டுக் கடையோடு குடோனும் எடுத்துவிட்டாய் என்று கேட்டு அவ்வளவு சந்தோஷம். மதினியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். என் வலைக்கடையும் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனபின் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது.

இன்சூரன்ஸுக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று போனில் கேட்டாய். அதைவிட, பாலிசியில் எவ்வளவுக்கு எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார். கடன் கொடுத்த வங்கியே போட்டுவிட்டது என்று நீ நிம்மதியாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பல நேரம் கடன் அளவுக்குத்தான் எழுதியிருப்பார்கள். குடோனில் 10 லட்ச ரூபாய்ச் சரக்கு இருந்து, பாலிசி 5 லட்சத்துக்கு என்று வை. தீப்பிடித்து 2 லட்சத்துக்குச் சரக்கு போனால், முழுசாக வரும் என்று நினைப்போம். வராது. பாதி மதிப்புக்குத்தானே எழுதினாய் என்று நஷ்டத்திலும் பாதி, 1 லட்சம்தான் கணக்கிடுவார்கள். அதிலும் ஒரு தொகை நம் பங்கு என்று கழியும்.

ஒரே இடத்தில் 5 கோடி வரை சொத்துள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரலில் இருந்து ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி இருக்கிறது. அதில் 15 சதவீதம் வரை குறைத்து எழுதியிருந்தால் வெட்ட மாட்டார்கள். தீயோடு புயல், வெள்ளம், சுனாமியும் அதிலேயே அடங்கும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழையில் தரைமட்டக் குடோன் என்ன ஆகும் என்று நீயே யோசி.

உன் சரக்கு மாதத்துக்கு மாதம் மாறும். தடைக்காலத்தில் விலை ஏறும் என்று ஏப்ரல் 15-க்கு முன்னால் வாங்கிக் குவிப்பாய். அந்தக் குவியலின் கொள்முதல் விலையை வைத்துத் தொகையைச் சொல். ஃப்ரீசர், தராசு போன்றவற்றுக்கு இன்று புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதைச் சொல். முகவரியையும் பார். கடை முகவரி மட்டும் இருந்து குடோன் வேறு தெருவில் இருந்தால், அங்கே இருக்கும் சரக்குக்கு பாலிசி பேசாது.

ஃப்ரீசர் என்றதும் நினைவு வருகிறது. கரண்ட் போய்க் குளிர் குறைந்து மீன் கெட்டால் இந்த பாலிசியில் வராது. ஈரத்தில் மெல்ல மெல்லக் கருவாடு பூஞ்சை பிடித்தாலும் வராது. பூட்டை உடைத்துத் திருடினால் அதற்குத் தனி பாலிசி வேண்டும். கடையில் நிற்கும் பையன்கள் இருவருக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடு. வருஷம் 20 ரூபாய்தான், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஆனால் வேலையில் அடிபட்டால் முதலாளி தர வேண்டிய நஷ்டஈட்டுக்கு அது ஈடாகாது, அதற்கும் பாலிசி தனி.

செலவைக் கேட்டாயே. ஓலைக் கொட்டகையா கான்கிரீட்டா, உள்ளே என்ன சரக்கு என்பதைப் பொறுத்து மாறும். மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. இரண்டு மூன்று கம்பெனிகளில் ஒரே தொகைக்கு விலை கேள். தொகையைக் குறைத்து பிரீமியத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே.

அப்புறம், கரையில் ஏலம் எடுக்கும்போது பில் கிடைக்காது, எனக்குத் தெரியும். ஆனால் நஷ்டத்தைப் பார்க்க வரும் சர்வேயர் கணக்குதான் கேட்பார். தேதி, எடை, விலை, யாரிடம் வாங்கியது, நான்கையும் அன்றன்றைக்கே நோட்டில் எழுதி மதினியைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல். கம்பெனி அநியாயமாக மறுத்தால், நம்மைப் போன்ற சிறு தொழில்காரர்கள் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

வங்கியில் பாலிசி நகலைக் கேட்டு வாங்கி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. தொகையையும் முகவரியையும் நானும் ஒருமுறை பார்க்கிறேன். மழைக்காலம் தொடங்குமுன் செய்துவிடு.

அன்புடன்,
உன் சேகர்