பதினாறாம் நாளுக்குப் பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தற்கொலைச் செய்திகளின் கீழே உதவி எண்களை அச்சிடுகிறீர்கள். உறவைப் பறிகொடுத்த குடும்பத்தாரும் அதே எண்களில் பேசலாம் என்று ஒரு வரி சேர்த்து அச்சிட வேண்டுகிறோம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

இந்த வீடுகளில் துக்கம் விசாரிப்பது பெரும்பாலும் விசாரணையாகவே முடிகிறது. "என்ன பிரச்சினை? லெட்டர் எழுதி வச்சிருந்தாரா? நீங்க கவனிக்கலையா?" ஏற்கெனவே இரவெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பவரிடம் இதை இன்னொரு முறை கேட்காதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தபந்தம் கலைந்துவிடும். ஆள் தேவைப்படுவதே அப்போதுதான். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வர்றேன், போலீஸ் ஸ்டேஷனுக்குச் சேர்ந்து போவோம்" என்று சொல்லுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அந்தப் பெயரை எல்லோரும் தவிர்ப்பது பெற்றவர்களுக்குப் பெரிய வலி.

அலைச்சலும் உண்டு. சந்தேக மரணம் என்று போலீஸ் வழக்குப் பதிவதும் பிரேதப் பரிசோதனை செய்வதும் சட்ட நடைமுறை. யாரையும் குற்றவாளியாக்குவது அல்ல. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் நடக்கும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்து, நகல்களும் எடுத்துக்கொள்ளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் பின்னால் இழுபறி இல்லை.

தற்கொலை என்றால் இன்சூரன்ஸ் பணம் வராது என்று நினைத்துப் பாலிசியைப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். அது தவறு. பொதுவாக ஆயுள் காப்பீட்டில், பாலிசி தொடங்கியோ, காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தோ 12 மாதம் கடந்திருந்தால் முழுத்தொகையும் கிடைக்கும். அதற்குள் என்றாலும், பாலிசி நடப்பில் இருந்தால், கட்டிய பிரீமியத்தில் 80 சதவீதமாவது வரும். விபத்துக்கான கூடுதல் தொகை மட்டும் கிடைக்காது.

பிள்ளைகளிடம் மாரடைப்பு என்று சொல்லி வைப்பார்கள். அடுத்த வாரமே பள்ளியில் யாராவது போட்டுடைத்துவிடுவார்கள். அதன்பின் வீட்டார் சொல்லும் எதையும் குழந்தை நம்பாது. "அப்பா மனசு ரொம்ப முடியாமப் போய், தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். நீ செஞ்ச எதுவும் காரணம் இல்லை." இவ்வளவு போதும். எப்படி என்ற விவரம் வேண்டாம். அதே கேள்வி பத்து முறை வரும், பத்து முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தாலோ, "நானும் அவர்கிட்டயே போயிடறேன்" என்று சொன்னாலோ, சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104, அல்லது சிநேகா தொண்டு நிறுவனத்தின் 044-24640050 எண்ணுக்குப் பேசுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். முதல் பிறந்தநாள், முதல் தீபாவளி, முதல் திதி ஆகிய நாட்களில் கட்டாயம் யாராவது உடன் இருக்க வேண்டும்.

உறவை இழந்தவர்கள் சிலர், தாங்களும் பிறருக்கு உதவ வேண்டும் என்று முதல் மாதமே எங்களிடம் கேட்டு வருகிறார்கள். நல்ல மனசுதான். ஆனாலும் ஓராண்டாவது போகட்டும் என்கிறோம். அடுத்தவர் கதையைக் கேட்கும்போது தன் புண் கிளறி, இரவு தூக்கம் போய்விடும். அதுவரை இதே துயரத்தில் இருக்கும் இன்னொரு குடும்பத்துடன் இ-சேவை மையத்துக்குத் துணைக்குப் போகலாம், வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம்.

இப்படிக்கு,
தற்கொலையால் உறவை இழந்தோருக்கு உதவும் தொண்டர்கள்,
மதுரை