பட்டினி போட்டு வளர்த்த மரமில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குவது பாவம் என்று எழுதியிருந்தீர்கள். பட்டினி போட்டால் மரம் குள்ளமாகாது அப்பா, செத்துப்போகும். தொட்டியில் குள்ளமாக மரம் வளர்க்கும் கலைக்குப் போன்சாய் என்று பெயர். வாஷிங்டனில் தேசிய மரப்பூங்காவுக்குள் இருக்கும் போன்சாய் காட்சியகத்தைப் பார்த்தால் இது விளங்கும். அமெரிக்கா விடுதலை பெற்ற 200-வது ஆண்டான 1976-க்கு ஜப்பான் அன்பளிப்பாகத் தந்த 53 மரங்களில் தொடங்கிய இடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. 10 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடிவிடுவார்கள்.

அங்கே யமாகி குடும்பம் கொடுத்த வெள்ளைப் பைன் என்ற ஊசியிலை மரம் ஒன்று இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்வது. 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தள்ளி, தோட்டத்து மதிலின் மறைவில் நின்று தப்பியது. கொடுத்தபோது அதைப் பற்றி அந்தக் குடும்பம் மூச்சுவிடவில்லை. 2001-ல் பேரப்பிள்ளைகள் பார்க்க வந்தபோதுதான் காட்சியகத்தாருக்கே தெரிந்தது. பட்டினி கிடந்த மரமா 400 வருஷம் நிற்கும்?

சூட்சுமமெல்லாம் வேரில்தான். தடித்த வேரை வெட்டினால் தூரை ஒட்டிச் சல்லிவேர் கிளம்பும். தண்ணீரும் சத்தும் அதன் வழியாகத்தான் ஏறும். கொழுந்தைக் கிள்ளக் கிள்ளக் கிளை பிரியும், இலையும் சிறுக்கும். ஆனால் பைனின் வேர்மண்ணை ஒரேயடியாக உதறக் கூடாது. வேரோடு கூடி வாழும் பூஞ்சையும் போய், மரம் படுத்துவிடும்.

நம் மொட்டைமாடி ஆலங்கன்று அப்படி இல்லை, முரட்டுச் சாதி. ஆடியில் தொட்டி மாற்றுங்கள். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். தொட்டியின் துளையை வலைத்துண்டால் மூடி, அதன் வழியே கம்பி விட்டு வேரைக் கட்டுங்கள். செடி காற்றில் ஆடினால் புதுவேர் அறுந்துபோகும். இரண்டு வாரம் நிழலில் இருக்கட்டும்.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி போதும். கம்பியின் தடிமன் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, சுற்று 45 பாகைச் சாய்வு. ஆல் வேகமாகப் பருக்கும், கம்பி பட்டையில் பதிந்தால் தழும்பு லேசில் போகாது. அதனால் வாரம் ஒருமுறை பாருங்கள். எடுக்கும்போது பிரிக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். பிரித்தால் கிளை முறியும்.

தண்ணீருக்கு மணிக்கணக்கு வேண்டாம். மேல்மண் காய ஆரம்பித்ததும், அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றுங்கள். வெறும் செம்மண் இறுகிவிடும், வேர் மூச்சுமுட்டி அழுகும். பாதிக்குப் பாதி செங்கல் சல்லி சேர்க்க வேண்டும், கடலைப்பருப்பு அளவில். தூளைக் கட்டாயம் சலித்துக் கொட்டிவிடுங்கள், அதுதான் துளையை அடைக்கும். கடையில் வாங்க வேண்டாம், கொல்லையில் கிடக்கும் பழைய செங்கலே போதும்.

உங்கள் அன்பு மகள்