இங்கே டீ என்றால் சாப்பாடு

லீட்ஸ், யார்க்ஷயர், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்கள், அம்மா, ஆச்சி, தங்கச்சி எல்லோரும் நலமா? போனில் பேசினால் நம் டீக்கடைக்கு யாராவது வந்துவிடுகிறார்கள், பாய்லர் சத்தத்தில் நான் சொல்வது பாதிதான் உங்களுக்குக் கேட்கிறது. அதனால்தான் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். "அங்க நல்ல டீ கிடைக்குதாம்மா?" என்று போன வாரம் கேட்டீர்களே, அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது அப்பா. இந்த ஊரில் டீ என்றால் என்னென்னவோ இருக்கிறது.

முதலில் அது சாப்பாடு. சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குச் சாப்பிடுகிற முழுச் சாப்பாட்டுக்கு இங்கே டீ என்று பேர். "டீக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால், என்ன சமைக்கப் போகிறாய் என்று அர்த்தம். மத்தியானச் சாப்பாடு டின்னர். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பிள்ளைகளுக்குப் பரிமாறும் பெண்களை டின்னர் லேடி என்கிறார்கள். ராத்திரி படுக்கப் போகும்முன் ரெண்டு பிஸ்கட் கடித்தால் அது சப்பர். லண்டன் பக்கம் இப்படி இல்லை. அங்கே மத்தியானம் லஞ்ச், ராத்திரி டின்னர், நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே.

லீட்ஸ், பிராட்ஃபோர்டு எல்லாம் அந்தக் காலத்தில் கம்பளி மில் ஊர்கள். மில் விட்டு வந்தவர்களுக்கு உடனே வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். ரொட்டி, இறைச்சி, உருளைக்கிழங்கு, கூடவே ஒரு கெண்டி டீ. அப்படியே சாப்பாட்டுக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. பணக்காரர்கள் நாலு மணிக்குச் சின்னச் சின்ன சாண்ட்விச்சும் கேக்கும் வைத்துக் குடிக்கும் டீ வேறு. 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி ஆரம்பித்து வைத்தது என்பார்கள். சுற்றுலா வருகிறவர்கள் காசு கொடுத்துச் சாப்பிடுவது அதைத்தான். எனக்கு மில்காரர்களின் டீதான் பிடித்திருக்கிறது.

நான் நர்சாக இருக்கிற ஆஸ்பத்திரி வார்டில் இந்த வார்த்தையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் வேலை பார்க்கவே முடியாது. சில சுகர்காரர்களுக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, டீக்கு முன்னால் ஒரு தடவை இன்சுலின் போட வேண்டும். நம் ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி அதை மூணரை மணிக்குக் குடிக்கிற டீ என்று நினைத்து ஊசி போட்டுவிட்டால், சாப்பாடு வரும்வரை அந்த நோயாளியின் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். அதனால் கேரளத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ யார் புதிதாகச் சேர்ந்தாலும், முதல் நாளே கூப்பிட்டு உட்கார வைத்து இதைத்தான் சொல்கிறேன். தங்கச்சி இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கிறாள் அல்லவா, அவளிடமும் சொல்லுங்கள். 'டீ டைம் மாத்திரை' என்றால் சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தில் கொடுக்கிற மாத்திரை. அவள் புத்தகத்தில் இது இருக்காது.

குடிக்கிற டீக்கு வருகிறேன். பால் காய்ச்சுவதே கிடையாது அப்பா. கனத்த கோப்பையில் டீத்தூள் பையைப் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டுப் பையை எடுத்துப் போட்டுவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து பச்சைப் பால் ஒரு சொட்டு. ஆத்துவதும் இல்லை, நுரையும் இல்லை. இதற்கு இங்கே ப்ரூ என்றும் ஒரு பேர் உண்டு. திடமாகப் பாலும் சர்க்கரையும் சேர்த்துப் போட்டால் கொத்தனார் டீ. பக்கத்து ஊரான ஹாரோகேட்டில் கலந்து பேக் செய்கிற இலையைத்தான் இங்கே ரொம்பப் பேர் வாங்குகிறார்கள். அசாமிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிற இலை அது. நல்ல கடுப்பு இருக்கிறது. உங்கள் டஸ்ட் டீ அளவுக்கு இல்லை, ஆனாலும் குடிக்கலாம்.

ராத்திரி டியூட்டியில் ஒருவர் கெட்டிலைப் போட எழுந்தால், வார்டில் இருக்கிற எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். தனக்கு மட்டும் போட்டுக் குடிப்பது பெரிய மரியாதைக் குறைவு. யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்குப் பால் கம்மி என்பதெல்லாம் எங்கள் சீனியர் அக்காவுக்கு மனப்பாடம். அவர் போட்டுக்கொண்டு வந்து, "இந்தா லவ்" என்று கையில் கொடுக்கும்போது எனக்கு நம் கடை ஞாபகம் வரும். லவ் என்பது இங்கே 'கண்ணு' மாதிரி, பஸ் டிரைவர்கூடச் சொல்வார்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறு தாண்டியவர். பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனது. தண்ணீர் மாதிரி எதைக் குடித்தாலும் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால், இப்படிப்பட்டவர்களுக்கு எல்லாவற்றிலும் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுப்போம். டீயிலும்தான். பொடியைப் போட்டுக் கட்டி தட்டாமல் கலக்கி, கொஞ்ச நேரம் வைத்தால் பாகு பதத்துக்கு வரும். பார்க்கவே நன்றாக இருக்காது. பாட்டி மூன்று ஸ்பூன் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "இன்னும்" என்பார். ஜூஸ் கொடுத்தால் தள்ளிவிடுவார். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் இந்த நாட்டில் டீத்தூளுக்கு ரேஷன் வந்தது. 1940-ல் தொடங்கி, சண்டை முடிந்த பிறகும் 1952 வரைக்கும் நடந்தது. ஆளுக்கு வாரத்துக்கு ரெண்டு அவுன்ஸ், அதாவது 57 கிராம்தான் ஆரம்பத்தில். அதில் எத்தனை கிளாஸ் தேறும் என்று உங்களுக்கே தெரியும். ஒரே தூளில் மறுபடியும் மறுபடியும் வெந்நீர் ஊற்றுவாளாம் அவருடைய அம்மா. வளர்கிற வயதில் அப்படிக் குடித்தவரிடம் இந்த வயதில் டீ வேண்டாம் என்று யார் சொல்வது? பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்தான் இங்கே விழுங்குவதையும் பார்ப்பார், அவர் வந்து சோதித்து, பொடியின் அளவைக் குறைக்கலாம் என்று சொன்ன அன்று, பொடி கம்மியாகப் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இங்கே பிரசவம் ஆன உடனே தாய்க்குக் கொடுப்பது டீயும் டோஸ்டும். அதைவிட ருசியாக வாழ்க்கையில் எதுவும் சாப்பிட்டதில்லை என்று இங்கத்திப் பெண்கள் சொல்கிறார்கள். யாராவது இறந்துபோனாலும் வீட்டாரை ஓர் அறையில் உட்கார வைத்து முதலில் டீதான். அன்றைக்கு மட்டும் வார்டுக் கோப்பை இல்லாமல் பீங்கான் கப், சாசர், தட்டு என்று தேடி எடுப்போம். பலர் குடிப்பதில்லை, கையில் வைத்துக்கொண்டிருப்பார்கள். நவீன நர்சிங்கைத் தொடங்கி வைத்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-லேயே எழுதியிருக்கிறார், இங்கிலீஷ் நோயாளிக்கு டீக்கு மாற்று எதுவும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று. நர்சிங் படிக்கும்போது அவர் பேரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், இது இங்கே வந்துதான் தெரிந்தது.

உங்களுக்காக ஒன்று. ஹெடிங்லி கிரிக்கெட் மைதானம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. டிவியில் டெஸ்ட் பார்க்கும்போது 'டீ' என்று போடுவார்களே, அந்த இடைவேளை இருபது நிமிஷம். மூணே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் விடுவார்கள், நாலு மணிக்கு மறுபடி ஆட்டம். நீங்கள் இங்கே வரும்போது டெஸ்ட் இருந்தால் கண்டிப்பாகக் கூட்டிப்போகிறேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா, "வியாழக்கிழமை டீக்கு வாம்மா" என்று கூப்பிட்டார். பசியோடு போ என்று கேரளத்து அக்கா சொல்லி அனுப்பினார். காய்கறிக்கு மேலே உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு ஓவன் அடுப்பில் வேகவைத்த 'பை' என்கிற பண்டம், பட்டாணி, கடைசியில் கஸ்டர்டு ஊற்றிய ஆப்பிள். நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்று எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்துச் செய்திருந்தார். இவ்வளவும் ஆன பிறகு, "இப்போ ஒரு டீ குடிக்கிறாயா?" என்றார்.

ஆச்சிக்கு இருமல் எப்படி இருக்கிறது? மருந்து ஒரு டீஸ்பூன் என்று எழுதியிருந்தால் கடை ஸ்பூனாலோ வீட்டு ஸ்பூனாலோ அளந்து கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. டீஸ்பூன் என்பது 5 மில்லி. பாட்டிலோடு வருகிற சின்ன மூடியில் கோடு போட்டிருக்கும், அதில் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மாவின் சுகர் மாத்திரை சாப்பாட்டோடுதானே போகிறது? பணம் இருபதாம் தேதி அனுப்புகிறேன்.

அன்பு மகள்,
செல்வி