மூன்றாம் சிம்பொனியோடு முடிந்துவிடாத குரெட்ஸ்கி

அன்புள்ள சண்முகம்,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் மாற்றலாகி ஊர்ப்பக்கமே வந்துவிட்டான் என்ற செய்தி மனத்துக்கு நிறைவாக இருந்தது. இங்கு அனைவரும் நலம். போலந்து இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியைக் கேட்டதாக எழுதி, அந்த ஒரே படைப்பால் பேர் பெற்றவர்தானா அவர் என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படி ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை.

தென் போலந்தின் சிலேசியா நிலக்கரி வட்டாரத்தில் 1933-இல் பிறந்த அவர், தம் இரண்டாவது பிறந்தநாளன்றே தாயை இழந்தார். சில காலம் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்த பிறகே கட்டோவிட்சேயில் இசையை முறையாகக் கற்றார். 1960-இல் வார்சா இலையுதிர்கால நவீன இசை விழாவில் அரங்கேறிய ‘ஸ்கோன்ட்ரி’ என்ற இசைக்குழுப் படைப்பு, அதன் முரட்டு ஓசைகளால், மற்றொரு போலந்து இசையமைப்பாளரான பெண்டெரெட்ஸ்கியோடு சேர்த்துப் பேசப்படும் புதுமைவாதியாக அவரை நிறுத்தியது. அந்தப் புகழிலேயே நின்றுவிடாமல், ஆண்டுக்கு ஆண்டு இசையிலிருந்து வேண்டாதவற்றைக் களைந்துகொண்டே வந்து, 1976-இல் மூன்றாம் சிம்பொனியை எழுதினார்.

அதன் முதல் பகுதியை மறுபடி கேட்டுப் பாருங்கள். அடிமட்டத்தில் டபுள் பேஸ் என்னும் மிகத் தாழ்ந்த சுருதி நாண் கருவிகள் காதில் விழுந்தும் விழாமலும் தொடங்கும் ஒரே மெட்டை, மற்ற நாண் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேல் சுருதிகளில் வாங்கி அடுக்கிக்கொண்டே போகின்றன. பெண் குரல் வருவதற்கு ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகிறது. இரண்டாம் பகுதியின் சொற்கள், 1944-இல் போலந்தின் ஸகோபானே நகரில், நாஜி ரகசியக் காவல்படையான கெஸ்டபோவின் சிறையில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி சுவரில் எழுதியவை. பழிவாங்கக் கோராமல், அழ வேண்டாம் என்று அவள் தாயைத் தேற்றுகிறாள். அதுவே குரெட்ஸ்கியை ஆட்கொண்டது. 1977-இல் பிரான்சின் ருவாயான் நகரில் அரங்கேறியபோது விமர்சகர்கள் இதை எள்ளி நகையாடினார்கள். அமெரிக்கப் பாடகி டான் அப்ஷா பாடி 1992-இல் வெளிவந்த பதிவோ பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

ஆனால் அவருடைய உறுதியை எனக்குக் காட்டியது வேறொரு படைப்பு. கட்டோவிட்சே இசைக் கல்லூரியின் தலைவராக இருந்தவர், போப் இரண்டாம் ஜான் பால் அந்நகருக்கு வர கம்யூனிஸ்ட் அரசு அனுமதி மறுத்ததை ஏற்காமல் 1979-இல் பதவியைத் துறந்தார். 1981-இல் பிட்கோஷ்ச் நகரில் சாலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்க இயக்கத்தினர் காவலர்களால் அடிக்கப்பட்டபோது, துணைக்கருவி எதுவுமின்றிப் பெரிய பாடகர் குழுவுக்காக ‘மிசரேரே’ எழுதினார். அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் அதில் மொத்தம் ஐந்தே லத்தீன் சொற்கள். ‘எங்கள் இறைவனாகிய ஆண்டவரே’ என்ற விளிப்பே திரும்பத் திரும்ப ஒலிக்க, ‘எங்கள்மீது இரங்கும்’ என்ற வேண்டுதல் கடைசியில்தான் வருகிறது. இவ்வளவு பொறுமையாகக் கோபத்தைத் தாங்கிய இசையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவ்வாண்டு இறுதியில் போலந்தில் அறிவிக்கப்பட்ட ராணுவச் சட்டம் குறுக்கிட்டதால் அது 1987-இல்தான் அரங்கேறியது.

பெரும் புகழ் வந்த பின் அதே பாணியில் இன்னொன்று எழுதித் தருவது அவருக்கு எளிது. அவர் அதைச் செய்யவில்லை. குரோனோஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவுக்காக 1995-இல் எழுதிய மூன்றாவது நாண் நால்வரிசையை (நான்கு நாண் கருவிகளுக்கான படைப்பை)ப் பத்தாண்டுகள் வெளியே விடாமல் வைத்திருந்தார். 2010-இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் இருந்த நான்காம் சிம்பொனியை மகன் மிக்கோவாய் நிறைவு செய்ய, அது 2014-இல் லண்டனில் ஒலித்தது.

ஆகவே, அடுத்து ‘மிசரேரே’யைக் கேளுங்கள், முடிந்தால் ஒரே மூச்சில். பிறகு இரண்டாவது நால்வரிசை. உங்களுக்கு எப்படிப் பட்டது என்று விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
ராகவன்