பொம்பேயில் கேட்ட குளிர்ந்த தண்ணீர்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

கவிதா பிரெஞ்சு படிக்க ஆரம்பித்தது ரொம்ப சந்தோஷம். 'குளிர்ந்த' என்பதற்குப் பிரெஞ்சில் ஃப்ருவா, இத்தாலியில் ஃப்ரெத்தோ, ஸ்பானிஷில் ஃப்ரீயோ, ஏன் இப்படிச் சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கின்றன என்று கேட்டாளாமே, நல்ல கேள்வி. எல்லாம் லத்தீன் ஃப்ரீகிதுஸின் பிள்ளைகள்தான், ஆனால் ஏட்டு லத்தீனிலிருந்து நேராக வந்தவை இல்லை. ஜனங்கள் பேச்சில் நடு எழுத்தை விழுங்கிவிட்டார்கள். 'ஃப்ரிகிதா என்று சொல், ஃப்ரிக்தா என்று சொல்லாதே' என்று யாரோ ஒரு ஆசிரியர் கண்டித்து எழுதியது, ப்ரோபஸ் பின்னிணைப்பு என்ற பழைய லத்தீன் திருத்தப் பட்டியலில், 227 வரிகளில் ஒன்றாக, இன்றும் இருக்கிறது. அவர் கண்டித்த அந்தப் பேச்சுதான் இத்தாலியரின் ஃப்ரெத்தோ ஆனது!

எனக்கு இதைவிடப் பிடித்தது பொம்பே, இத்தாலியில் இருந்த பழைய ரோமானிய ஊர். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த ஊரில், ஒரு மதுக்கடைச் சுவரில் 'தா ஃப்ரிதாம் புசில்லும்' என்று எழுதியிருந்தது, குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் கொடு என்று. (அந்தத் 'தா'வுக்கும் நம்ம 'தா'வுக்கும் ஒரே பொருள்தான், ஆனால் அது தற்செயல், கவிதா அதை வைத்துக் கோட்டை கட்டிவிடப் போகிறாள்.) இலக்கணம் எத்தனை திருத்தினாலும் தாகத்தோடு கடைக்கு வந்தவன் வாயில் வந்த சொல்தான் பிழைத்தது என்பதை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

ஸ்பானிஷ் சொல் லத்தீன் ஃப்ரீகிதுஸின் 'ஈ' நெடிலை வைத்துக்கொண்டது, இத்தாலியும் பிரெஞ்சும் குறிலுக்குப் போய்விட்டன. விறைப்பு என்று பொருள்படும், குறிலில் தொடங்கும் ரிகிதுஸ் என்ற இன்னொரு லத்தீன் சொல் பக்கத்தில் நின்று தன் பக்கம் இழுத்திருக்கலாம் என்கிறார்கள். ருமேனியர்கள் வேறு வழி. அவர்களுக்குக் குளிர்ந்தது 'ரெச்சே', 'புதியது' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஆனால் குளிருக்கு மட்டும் 'ஃப்ரிக்' என்றே சொல்கிறார்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜும் இதே வேர்தான், அப்புறம் ஃப்ரிஜிடேர் என்ற கம்பெனிப் பெயரே பிரெஞ்சில் எல்லா ஃப்ரிட்ஜுக்கும் பெயராகிவிட்டது.

கவிதா என்றாவது பாரிஸோ ரோமோ போனால் குழாயில் 'சி' என்று போட்டிருப்பதை ஆங்கில நினைப்பில் திறந்துவிட வேண்டாம் என்று சொல், அங்கே அது வெந்நீர். குளிர்ந்த தண்ணீருக்கு 'எஃப்'.

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாயா, இல்லையா? அதை எழுது.

அன்புடன்,
ராமு