வாசல் மாறிய நொதி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. பேப்பரில் ஒரு வரி விடாமல் உரக்கப் படிக்கிறார், வீடே கேட்கிறது. பெரியவன் கோவையிலேயே வேலையில் சேர்ந்துவிட்டான்.

நீ எழுதியிருந்த சிறுவனை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இந்த வயதில் சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் என்றால் பெற்றவர்கள் எப்படித் தாங்குவார்கள்? கல்லீரலில் கிளையாக்ஸிலேட்டைக் கிளைசினாக மாற்றி ஆக்சலேட் சேராமல் பார்த்துக்கொள்ளும் ஏஜிடி நொதி அவனுக்கு இருக்கிறது, வேலையும் செய்கிறது, ஆனால் செல்லுக்குள் பெராக்சிசோம் என்ற சிறு பையில் இல்லாமல் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது, அங்கே எப்படிப் போனது என்று கேட்டிருந்தாய். வகுப்பில் நான் மிகவும் ஆசையாக நடத்துகிற பாடம் இது.

மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏ நம் உடலில் 13 புரதங்களுக்குத்தான் குறிப்பு வைத்திருக்கிறது. மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளியே தயாராகி உள்ளே வர வேண்டும். பெரும்பாலானவற்றின் தலைப்பகுதியில் சில பத்து அமினோ அமிலங்கள் அடையாளமாக இருக்கும். அந்தத் துண்டு சுருளாகும்போது ஒரு பக்கம் நீரை வெறுக்கும், மறுபக்கம் நேர்மின்னூட்டம் ஏறியிருக்கும். வெளிச்சவ்வில் வாசல் காக்கும் புரதங்களில் டாம்20 நீரை வெறுக்கும் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது, டாம்22 மின்னூட்டப் பக்கத்தை. பிறகு டாம்40 துளை, அடுத்து உட்சவ்வின் வாசலான டிம்23. உட்புறம் எதிர்மின்னூட்டம் என்பதால் அடையாளத் துண்டு இழுபடுகிறது. மீதியை, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, ஹெச்எஸ்பி70 என்ற துணைப் புரதம் உள்ளே கொண்டுவருகிறது. வந்ததும் அடையாளம் வெட்டப்படுகிறது.

அடையாளம் மட்டும் போதுமா? 1984இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் உயிர்வேதியியலாளர் காட்ஃப்ரீட் ஷாட்ஸின் குழு, மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சம்பந்தமே இல்லாத எலியின் டிஹெச்எஃப்ஆர் நொதியின் தலையில் இந்தத் துண்டை ஒட்டிப் பார்த்தது. அதுவும் உள்ளே போய்விட்டது. 1986இல் அதே கலவைப் புரதத்தில், டிஹெச்எஃப்ஆரை இறுகப் பிடிக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைச் சேர்த்தார்கள். மருந்து பிடித்துக்கொண்டதும் நொதி தன் இறுதி வடிவத்தில் மடிந்த நிலையிலேயே இறுகியது, உள்ளே போகவில்லை. அடையாளம் அப்படியேதான் இருந்தது! முடிச்சு விழுந்த நூல் ஊசிக்காதில் நுழையுமா? மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகும் புரதம் மடிந்து முடியாமல் நீண்டிருக்க வேண்டும். அந்த ஒரு சோதனையை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பெராக்சிசோமுக்கு இதற்கு நேர்மாறான பழக்கம். மடிந்து, இரண்டிரண்டாகச் சேர்ந்த ஏஜிடியை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அதற்கான அடையாளம் நொதியின் வால் நுனியில்.

இப்போது உன் சிறுவனின் அறிக்கைக்கு வா. ஏஜிடியின் அமினோ அமில வரிசையில் 11ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசின். சுருளைக் கெடுக்கும் புரோலின் போனதால் தலைப்பகுதி ஒரு பலவீனமான மைட்டோகாண்ட்ரிய அடையாளமாகிவிடுகிறது. இது மட்டும் இருப்பவர்கள் ஐரோப்பாவில் ஏராளம், நோய் கிடையாது. நொதி விரைவாக மடிந்துவிடுவதால் சுமார் 5 சதவீதமே வழிமாறுகிறது. கூடவே 170ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்தால் மடிவது தாமதமாகிறது. அந்தத் தாமதத்துக்குள் டாம்20 பிடித்துவிடுகிறது. சுமார் 90 சதவீத நொதி தவறான இடத்தில் போய்ச் சேர்கிறது. கிளையாக்ஸிலேட் உண்டாவது பெராக்சிசோமில், அதைக் கிளைசினாக மாற்ற வேண்டிய நொதி அங்கே இல்லை. மிச்சமெல்லாம் ஆக்சலேட்.

இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. பூனைகளின் கல்லீரலில் ஏஜிடி பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் இருக்கிறது, முயலுக்குப் பெராக்சிசோமில். இறைச்சி உணவிலிருந்து கிளையாக்ஸிலேட் மைட்டோகாண்ட்ரியாவில் உண்டாகிறது, தாவர உணவிலிருந்து பெராக்சிசோமில். பூனைக்குச் சரியான இடம் இந்தப் பிள்ளைக்கு நோயாகிவிட்டது.

நீங்கள் வைட்டமின் பி6 ஆரம்பித்தது எனக்குப் பெரிய ஆறுதல். இந்த 170 மாற்றம் உள்ளவர்களுக்கு அது நன்றாகக் கேட்கிறது. நொதி சரியாக மடியவும் பெராக்சிசோமுக்குப் போய்ச் சேரவும் துணை செய்கிறது. மரபணுவின் இரண்டு பிரதியிலும் அந்த மாற்றம் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா? அறிக்கையில் பார்த்து எழுது. அடுத்த சிறுநீர் ஆக்சலேட் அளவு வந்ததும் கண்டிப்பாக எனக்குத் தெரிவி.

அன்புடன்,
வசந்தா